இடது மட்கார்டு

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில், நிலக்கடலை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று சர்வீஸ் ரோட்டிலிருந்து சடாரென்று வெளியே வந்து என் அம்பாசடரின் இடது முன்பக்கத்தில் இடித்தது. நான் பிரேக்கை மிதித்துத்தான் இருந்தேன். பழைய வண்டி அது, மிதித்த இடத்திலேயே நிற்கிற ரகம் இல்லை. கட்டு அறுந்த மூட்டையிலிருந்து மல்லாட்டை முன் கண்ணாடி மேல் கொட்டிய சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது. கை வலி அப்புறம்தான் வந்தது.

லாரி டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"அக்கா, ஒண்ணும் ஆவலியே? பேசுங்கக்கா!"

டீக்கடையில் நின்றவர்கள் என்னை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். இடது மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வந்தது. என் பார்வை வண்டியை விட்டு நகரவில்லை. முன் சக்கரத்துக்கு மேலே தோள் மாதிரி வளைந்து இறங்குகிற தகடுதான் மட்கார்டு. அது கசக்கிய காகிதம் போல உள்ளே போயிருந்தது. ஹெட்லைட் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு பானட் மேலிருந்த மல்லாட்டையைப் பொறுக்கினாள். நான் பார்ப்பதைக் கண்டதும், "உனக்கும் கொஞ்சம் தரட்டாம்மா?" என்றாள்.

நான் நில அளவர். பட்டா உட்பிரிவு, எல்லைத் தகராறு என்று கிராமம் கிராமமாகப் போய் அளக்கிற வேலை. போகிற ஊரிலெல்லாம் சர்வேயர் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் முதலில் கார் வாங்கியவள் நான்தான். ஆபீஸில் எல்லோரும் லோன் போட்டுப் புதுசாகச் சின்ன வண்டி எடுக்கச் சொன்னார்கள். நான் புதுச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் நின்றிருந்த இந்தப் பழைய அம்பாசடரை எடுத்தேன். வெளிர் நீலம். கியர்கூட ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற அந்தக் காலத்து மாடல். ஏன் அதைப் பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் நான் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிந்தேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசையில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்குவார்.

இழுவை வண்டிக்காரர் காரைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பழைய வண்டிகளுக்கு டிங்கரிங் செய்கிற, அதாவது ஒடுக்கு எடுத்துத் தகட்டை நேராக்குகிற பட்டறை ஒன்று அங்கே அவருக்குத் தெரியுமாம். என்னை ஆஸ்பத்திரியில் விட்டார்கள். மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டி, விழுப்புரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இருப்பது எனக்கு ஆகாத காரியம். வெயிலில் வரப்பு மேல் நடந்தே பழகின கால். மெடிக்கல் லீவு என்று உட்கார வைத்ததும் அது என்னை விட்டுவிட்டுத் தானாகவே நடந்தது. சமையல்கட்டுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் மொட்டை மாடிக்கும். ஒரு கையால் துணி மடிக்கப் பார்த்தேன். டிவி போட்டேன், அணைத்தேன். மாவுக்கட்டுக்குள் அரித்தது, உள்ளே ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன். கண்ணை மூடினால் மல்லாட்டை கொட்டுகிற சத்தம். தெருவில் லோடு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வண்டிக் கவலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"போன்ல கேட்டா ஆவாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"நேர்ல பாக்கணும்."

"தகடுதானே? அது எங்க ஓடிடப் போவுது?"

அவருடைய நிதானம் எனக்கு எரிச்சலாக வந்தது. பஸ் ஏறி திண்டிவனம் போனேன். கூட்டேரிப்பட்டு வந்தபோது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, காதில் எப்போதும் போன். ஒரே நேரத்தில் நாலு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு எதற்கு எந்த போல்ட் என்று தேடுகிறவர். என் வண்டி ஷெட் ஓரத்தில் ஹெட்லைட் இல்லாமல், ஒற்றைக் கண்ணோடு நின்றது. அவர் ஏற்கெனவே மட்கார்டில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டிருந்தார்.

"இங்க வாங்க மேடம். இத்த பாருங்க."

நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே விரல் கனத்துக்குப் பட்டி, பள்ளம் தூர்க்கப் பூசுகிற அந்தப் பசை, வறண்டு கட்டிதட்டிப் போயிருந்தது. அதற்கும் கீழேதான் தகடு. தகடென்று சொல்ல முடியாது, துரு சல்லடை.

"முன்னாடியே எங்கியோ நல்லா வாங்கி இருக்குது இந்த வண்டி. யாரோ பட்டியை அப்பி மூடி வச்சிருக்காங்க. இதும் மேல நான் சுத்தியல் வச்சேன்னா அப்பளம் கணக்கா ஒடைஞ்சிடும். வேற மட்கார்டு கொண்டாங்க, மாட்டிக் குடுத்துடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. இத்தனை வருஷம் கழுவித் துடைத்த அந்த வளைவு முக்கால்வாசி பட்டி என்றால், நான் எதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்? சென்னையில் பழைய சாமான் கடைகளுக்கெல்லாம் பட்டறைக்காரர் போட்டோ அனுப்பினார். வேறு மாடலுக்கானதுதான் கிடைத்தது. லைட் வைக்கிற இடம் ஒத்துவரவில்லை. நான் தினமும் போன் செய்தேன். ஒரு கட்டத்தில் அவர் எடுப்பதையே நிறுத்திவிட்டார். நான் மறுபடி பஸ் ஏறிவிட்டேன். பட்டறை வாசலில் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா" என்று அவர் போனில் யாரிடமோ சொன்னது எனக்கே கேட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் செஞ்சி பக்கத்து அனந்தபுரம் நினைவுக்கு வந்தது.

அங்கே ஒரு அண்ணன் தம்பிக்கு நான் நிலம் அளந்து கொடுத்திருந்தேன். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடு. நடுவில் எல்லை போகிற இடத்தில் அவர்கள் அப்பா டாக்ஸி ஓட்டிய ஒரு அம்பாசடர் சக்கரமில்லாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குச் சவாரி அடித்த வண்டி என்று அன்றைக்கு ஊரார் சொன்னார்கள். நான் அளந்த கோடு அந்தக் காரின் நடுவில் போனது. முன்பாதி அண்ணன் பக்கம், பின்பாதி தம்பி பக்கம். தனக்கு ஒரு முழம் குறைந்துவிட்டதென்று அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். ஆபீஸ் ஜீப் வரைக்கும் பின்னாலேயே வந்து கத்தினார். அந்த வண்டி என் வண்டி மாதிரியே இருக்கிறதே என்று அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் பார்த்தது நினைவிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நீ அளந்த எடம். அவங்ககிட்டயே போய் சாமான் கேக்கறது நல்லாயிருக்குமா?"

"அளந்து முடிஞ்சி ஃபைலே மூடியாச்சி. காசு குடுத்துதானே கேக்கப் போறேன்?"

"காசைச் சொல்லல. அந்த ஆளு உன்னைத் திட்டினாரேன்னு சொன்னேன்."

எனக்கும் அதுதான் உறுத்தியது. ஆனால் இன்னொரு நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அவரிடம் திட்டு வாங்குவது மேல் என்று தோன்றியது. மேலதிகாரிக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, செஞ்சி போய் வேறு பஸ் மாறி அனந்தபுரம் போய் இறங்கினேன்.

அண்ணன் வீட்டு வாசலில் அவர் சம்சாரம் கேப்பை உலர்த்திக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும், "ஐயோ, இன்னாம்மா ஆச்சி?" என்று எழுந்து வந்தார். அண்ணன் உள்ளேயிருந்து வந்தவர் கையைப் பார்க்கவில்லை.

"மறுபடியும் அளக்க வந்துட்டீங்களா?"

"இல்லைங்க. உங்க வண்டியோட எடது மட்கார்டு விலைக்குக் கிடைக்குமான்னு கேக்க வந்தேன்."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சத்தமாகச் சிரித்தார், அது நல்ல சிரிப்பு இல்லை.

"முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவனுக்குன்னு கோடு போட்டவங்களே நீங்கதான். இப்ப மட்கார்டு வேணுமா?"

"நான் நிலத்தைத்தாங்க அளந்தேன். காரை அளக்கல."

பேச்சுச் சத்தம் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தே பேசினார், அண்ணன் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அப்பா வண்டி மேடம் அது. ஒரு ஆளு மட்டும் குடுக்க முடியாது. என்னையும் கேக்கணும். கேட்டாலும் நான் தர மாட்டேன்."

"நான் மட்டும் தர்றேன்னு எங்க சொன்னேன்?" என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

இரண்டு பேரும் என்னை வைத்து ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். எனக்குக் கை வலித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிளம்பிவிடலாம் என்று திரும்பியபோது தம்பி சம்சாரம் காருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தன் ஓரகத்தியிடம் சொன்னார்:

"அக்கா, எடுத்துக்கினு போவட்டும் அக்கா. முட்டை எடுக்க உள்ள கைவிடவே பயமாகீது. அன்னிக்கு சாரைப்பாம்பு பாத்தம்ல?"

"அதான் நானும் சொல்றேன். முழுசா தூக்கினு போனாலும் சரிதான்" என்றார் அண்ணன் சம்சாரம்.

அண்ணனும் தம்பியும் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காருக்குள் பின் சீட்டில் கோழி முட்டையிடுகிறது என்பதும், இரண்டு பெண்களும் சேர்ந்துதான் முட்டை எடுக்கிறார்கள் என்பதும் அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது. யார் வீட்டுக் கோழி என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வண்டி எது? பாக்கலாமா?"

போனில் என் வண்டியின் பழைய போட்டோ ஒன்றைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தம்பியும் கழுத்தை நீட்டினார். சின்ன போன், வெயிலில் சரியாகத் தெரியவில்லை. இரண்டு தலையும் கிட்டத்தில் வந்தன.

"நம்ம வண்டி மாதிரியே கீது" என்றார் தம்பி.

"கலரு வேற" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் பேசினார்கள். அதற்கு மேல் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் அண்ணன் சம்சாரம் கேப்பையைத் துழாவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்.

தம்பி ஸ்பேனரும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார். போல்ட் எல்லாம் துருவில் இறுகிக் கிடந்தது. அண்ணன் மட்கார்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு போல்டுக்கும் இரண்டு பேரும் தனித்தனியாக முனகினார்கள். எனக்கு ஒரு கை போதாமல் சும்மா நிற்க வேண்டியிருந்தது, அது பெரிய கொடுமை. இங்கே மண்ணெண்ணெய் விடுங்கள், அங்கே தட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "மேடம், கொஞ்சம் நெழல்ல போய் உக்காருங்க" என்று அண்ணன்தான் சொன்னார். தகடு கழன்று வந்ததும் விரலால் சுண்டிப் பார்த்தேன். கணீரென்றது. மேலே கொஞ்சம் துரு இருந்தது, ஓட்டை இல்லை. அவர்கள் சொன்ன விலையைப் பாதிப் பாதியாக இருவர் கையிலும் கொடுத்தேன். மட்கார்டைச் சாக்கில் சுற்றி, திண்டிவனம் போகிற காய்கறி வண்டியில் தம்பி ஏற்றிவிட்டார்.

பட்டறைக்காரர் அதைப் பார்த்ததும் முதல் முறையாகப் போனை ஜேபியில் போட்டார். "சோக்கா கீது மேடம். எங்க புடிச்சீங்க?" என்றார். ஆனால் வண்டியில் வைத்துப் பார்த்தபோது பொருந்தவில்லை. ஒரே மாடல்தான், என்றாலும் ஒவ்வொரு வண்டியும் தன் அடிகளை வாங்கிக்கொண்டு அதற்கேற்றபடி வளைந்திருக்கும் போல. கதவுப் பக்கம் விரல் நுழைகிற இடைவெளி, பானட் பக்கம் முட்டிக்கொண்டது. அவர் துளைகளை நீட்டினார், ஓரத்தைத் தட்டினார், கேஸ் வைத்துச் சுடவைத்து இழுத்தார். பிறகு மெல்லிசாகப் பட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்பு, பிரைமர், பெயின்ட்.

அதற்குள் எனக்கு மாவுக்கட்டை வெட்டிவிட்டார்கள். கை சூம்பி, தோல் உரிந்து, யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது. மடக்கி நீட்டச் சொன்னார்கள். இனி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

வண்டி ரெடி என்று பட்டறையிலிருந்து போன் வந்தது. போனேன். புது நீலம் பளபளத்தது. நான் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கொடி நட்டு நேர்கோடு பார்ப்பது போல, ஹெட்லைட்டிலிருந்து பின்கதவு வரைக்கும் பார்த்தேன்.

"கதவுகிட்ட மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி கீதே. சந்து ஒரே அளவா இல்ல."

அவர் சரிசெய்தார். மறுபடி வந்தேன். பானட்டை மூடினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அதையும் சரிசெய்தார். அடுத்த முறை வெயிலில் நிறுத்தச் சொல்லி, புது நீலமும் பழைய நீலமும் ஒத்துப்போகவில்லை என்றேன். அது உண்மைதான். உற்றுப் பார்த்தால் தெரியும்.

அவர் கையிலிருந்த துணியை வண்டி மேல் போட்டார்.

"மேடம், பேஜாரா கீது. கதவைத் தொறந்து மூடிப் பாத்தீங்க. பானட்டைத் தூக்கிப் பாத்தீங்க. குனிஞ்சி பாத்தீங்க, படுத்தும் பாத்தீங்க. இத்தனை தபா வந்தீங்களே, ஒரு தபாவாச்சும் உள்ள உக்காந்து ஓட்டிப் பாத்தீங்களா? எனக்கு எடம் வேணும். வேற வண்டி நிக்குது."

ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சாவியைத் துவாரத்தில் போட்டேன். திருப்ப முடியவில்லை. கையில் வலி இல்லை. உள்ளங்கை வேர்த்து, சாவி வழுக்கியது. ரோட்டில் ஒரு மினி லாரி போனது, என் இடது தோள் தானாகச் சுருங்கியது. இவ்வளவு நாளும் நான் மட்கார்டையா சரிசெய்துகொண்டிருந்தேன்? வண்டி சரியாகிவிடக் கூடாது என்று எனக்குள் ஒருத்தி சந்து சந்தாக அளந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பட்டறைக்காரர் ஜன்னலில் குனிந்தார். "பேட்டரியா? தள்ளி உடணுமா?"

"இல்லைங்க. வீட்டுக்காரர் வரட்டும். கொஞ்சம் டைம் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, "சரி, நெழல்ல தள்ளி வைக்கிறேன்" என்று போய்விட்டார்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எனக்கு ஓட்டப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். ரொம்ப நாளாகச் சொல்லாமல் இருந்ததைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட மணியடிக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

"மத்தியானம் பெர்மிஷன் போட்டுட்டு வர்றேன்" என்றார். "அதுக்குள்ள ஏதாச்சும் சாப்புடு."

பஸ்ஸில் வந்து இறங்கினார். ஓட்டத் தெரியாத மனுஷர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பயப்படாதே என்றெல்லாம் சொல்லவில்லை. "இடது பக்கம் நான் பாக்கறேன். நீ நேரா பாரு" என்றார். சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமி எழுந்தது. பட்டறைக்காரர் போனில் பேசிக்கொண்டே கையசைத்தார், போ, ஜல்தியாகப் போ என்பது மாதிரி.

பைபாஸில் ஏறியதும் பெரிய லாரிகள் உரசுவது போலக் கடந்து போயின. நான் இடது ஓரத்திலேயே ஊர்ந்தேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவர் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. கண்டக்டர் மாதிரி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஆட்டோ ஒண்ணு நிக்குது. நிக்குது, வரல. மாடு. போலாம். சர்வீஸ் ரோடு காலி. போ, போ."

கூட்டேரிப்பட்டு வந்தபோது இரண்டாம் கியருக்கு வந்துவிட்டேன். ஒரு லோடு வண்டி சர்வீஸ் ரோட்டில் மூக்கை நீட்டி நின்றது. நான் நின்றேன். அதுவும் நின்றது. அதன் டிரைவர் கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னார். நான் போகவில்லை. "உன்னத்தான் போகச் சொல்றாரு" என்றார் வீட்டுக்காரர். அப்புறம்தான் கிளட்சை விட்டேன். கூட்டுரோடு பின்னால் போன பிறகும் கொஞ்ச தூரத்துக்கு எனக்கு மூச்சு சரியாக வரவில்லை.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம். டம்ளரை இடது கையில் பிடித்துப் பார்த்தேன். தளும்பியது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பன் வாங்கப் போனார்.

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்து வண்டியை வாசலில் நிறுத்தி இறங்கினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி ஃபேனைப் போட்டார். நான் முகம் கழுவினேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. சாவி கையிலேயே இருந்தது.

"இன்னா?" என்றார்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்."

"நானும் வரணுமா?"

யோசித்தேன். "வேணாம்" என்றேன். "இல்ல, வாங்க."

அவர் கழற்றிய சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார்.